இராமநாதபுரம் கடலோரப் பயணத்துக்கு எந்த டூயல்-ஸ்போர்ட் பைக்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தார்ச்சாலையை விட்டு இறங்கி, கண்மாய்க் கரைகளிலும் மணற்பாதைகளிலும் பைக் ஓட்டுவதற்காக இராமநாதபுரம் கடலோரத்துக்கு வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். வடக்கே எஸ்.பி.பட்டினம் முதல் தெற்கே நரிப்பையூர் வரை உள்ள கரையையும் பாம்பன் தீவையும் மனத்தில் வைத்தே பைக்குகளை ஒப்பிட்டிருக்கிறேன். மலைப்பாதைகளுக்கு இதே முடிவுகள் பொருந்தும் என்று கொள்ள வேண்டாம்.

கிழக்குக் கடற்கரைச் சாலை முழுவதும் தார்தானே? இங்கே டூயல்-ஸ்போர்ட் பைக் எதற்கு?

தொண்டி, தேவிபட்டினம், இராமநாதபுரம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி ஆகிய ஊர்களைக் கோத்துச் செல்லும் அந்தச் சாலையில் மட்டும் ஓட்டிவிட்டுத் திரும்புவதென்றால் வீட்டில் நிற்கும் எந்த பைக்கும் போதும். ஆனால், அந்தச் சாலையின் பெரும்பகுதியிலிருந்து கடல் கண்ணில் படுவதே இல்லை. சாலைக்கும் கடலுக்கும் நடுவே பனங்காடுகளும் உப்பளங்களும் கண்மாய்களும் சீமைக் கருவேலங்காடுகளும் மீனவர் குடியிருப்புகளும் இருக்கின்றன. அவற்றை இணைக்கும் வண்டிப்பாதைகள்தான் இந்தக் கரையை உண்மையில் காட்டுகின்றன. அந்தப் பாதைகளில் சில கிலோமீட்டருக்குள் தரை மாறிக்கொண்டே இருக்கும். பனங்காட்டுக்குள் கணுக்கால் புதையும் வெள்ளை மணல், கண்மாய்க் கரையில் இறுகிய செம்மண், கடலாடி, முதுகுளத்தூர்ப் பக்கம் கரிசல், உப்பளத்தை ஒட்டி மேலே காய்ந்தும் அடியில் ஈரமாகவும் இருக்கும் களர் என்று ஒவ்வொன்றும் டயரிடம் வெவ்வேறு குணத்தைக் கேட்கிறது.

பதிவெண்ணும் விளக்கும் கண்ணாடியும் கொண்டு சாலையில் சட்டப்படி ஓடக்கூடியதும், அதே சமயம் பெரிய முன்சக்கரம், நீண்டு சுருங்கும் சஸ்பென்ஷன், தரையிலிருந்து உயர்ந்த அடிப்பாகம் ஆகியவற்றால் கரடுமுரடான பாதையைச் சமாளிக்கக்கூடியதுமான பைக்கைத்தான் டூயல்-ஸ்போர்ட் என்கிறோம். அட்வென்ச்சர் என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் கனமானவை சாலைப் பக்கம் சாய்ந்தவை. இலேசானவை மண்பாதைப் பக்கம் சாய்ந்தவை. இந்தக் கரைக்கான தேர்வு முழுவதும் இந்தச் சாய்வைப் பற்றியதுதான்.

எந்தெந்த பைக்குகளை ஒப்பிடுகிறீர்கள்?

இங்கே அடிக்கடி காணப்படுபவற்றையும் பலர் வாங்க நினைப்பவற்றையும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஹீரோ எக்ஸ்பல்ஸ். 2019-இல் எக்ஸ்பல்ஸ் 200 வந்தது; 2021-இல் நான்கு வால்வு எஞ்சினுடன் 200 4வி வந்தது. ஆயில் கூலிங் கொண்ட 199.6 சிசி எஞ்சின், 5 கியர், ஏறத்தாழ 158 கிலோ எடை, 825 மி.மீ. இருக்கை உயரம், 13 லிட்டர் டேங்க் ஆகியவை இதன் அடையாளம். 2025 தொடக்கத்தில் வெளிவந்த எக்ஸ்பல்ஸ் 210 லிக்விட் கூலிங்குக்கும் 6 கியருக்கும் மாறி, 24.6 பிஎஸ் (குதிரைத்திறன்) தருகிறது. அதன் எடை 168 கிலோ, இருக்கை உயரம் 830 மி.மீ. இரண்டிலும் முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 18 அங்குலம்.

அடுத்தது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன். 2016-இல் வந்த 411 சிசி பைக்கை இன்றும் பலர் வைத்திருக்கிறார்கள். அதன் இருக்கை உயரம் 800 மி.மீ. மட்டுமே, எடையோ 200 கிலோவை ஒட்டியது. 2023 நவம்பரில் வந்த ஹிமாலயன் 450 முற்றிலும் புதிய பைக். 452 சிசி லிக்விட் கூலிங் எஞ்சின், 40 பிஎஸ் திறன், 196 கிலோ எடை, 17 லிட்டர் டேங்க், முன்னால் 21, பின்னால் 17 அங்குலச் சக்கரங்கள்.

2025-இல் புதுப்பிக்கப்பட்ட கேடிஎம் 390 அட்வென்ச்சர் 21 அங்குல முன்சக்கரத்துடனும் 46 பிஎஸ் திறனுடனும் வருகிறது. அதன் உடன்பிறப்பான 390 என்டியூரோ ஆர் 177 கிலோ எடையும் 9 லிட்டர் டேங்கும் கொண்டது. சுசுகி வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ் 249 சிசி, 167 கிலோ எடை, 19 அங்குல அலாய் முன்சக்கரம், ட்யூப்லெஸ் டயர். கவாசாகி கேஎல்எக்ஸ் 230 இவை எல்லாவற்றையும்விட இலேசானது: 139 கிலோதான். ஆனால் இருக்கை உயரம் 880 மி.மீ., டேங்க் 7.6 லிட்டர்.

இவற்றில் இந்தக் கரைக்கு எது?

என் விடை எக்ஸ்பல்ஸ் 210. ஏற்கெனவே 200 4வி வைத்திருப்பவர், இந்தக் கரையை மட்டும் கருதி அதை விற்றுவிட்டு 210 வாங்க வேண்டிய தேவை இல்லை. சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ பின்னிருக்கையில் ஒருவருடனும் மூட்டை முடிச்சுகளுடனும் வந்து, பாதி நேரம் நெடுஞ்சாலையிலும் பாதி நேரம் கண்மாய்க் கரையிலும் ஓட்டப்போகிறவருக்கு ஹிமாலயன் 450 பொருத்தமானது. மணலில் ஓட்டுவதற்காகவே வருகிற, உயரமான, அனுபவம் உள்ள ஒருவருக்கு மட்டும் கேஎல்எக்ஸ் 230.

இந்த வரிசைக்கு அடிப்படை எஞ்சின் திறன் இல்லை. இங்கே குன்று கிடையாது. நீண்ட ஏற்றம் கிடையாது. 40 பிஎஸ் முழுவதையும் பயன்படுத்தும் இடம் தார்ச்சாலை ஒன்றுதான். எடையும் டயரும் இருக்கை உயரமும், அந்த வரிசையிலேயே, முடிவைத் தீர்மானிக்கின்றன.

மணலில் எடை அவ்வளவு முக்கியமா? திறன் மிகுந்த எஞ்சின் இழுத்துக்கொண்டு போய்விடாதா?

போகும், ஓட்டுகிறவர் தொடர்ந்து வேகம் குறையாமல் ஓட்டத் தெரிந்தவராக இருந்தால். மணலில் முன்சக்கரம் புதையாமல் மிதந்து செல்ல வேண்டுமென்றால் பைக் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். வேகம் குறைந்த கணத்தில் முன்சக்கரம் மணலைத் தள்ளிக்கொண்டு இறங்கும். ஹேண்டில்பார் ஒரு பக்கம் இழுக்கும். பயந்து த்ராட்டிலை (ஆக்சிலரேட்டரை) விட்டவுடன் எடை முழுவதும் முன்னால் சாய்ந்து, பைக் படுத்துவிடும். எடை கூடிய பைக்கில் இது இன்னும் விரைவாக நடக்கும், அதைத் திருத்திக்கொள்வதற்கான நேரமும் குறைவு. 196 கிலோ பைக்கில் பக்கப் பெட்டிகளும் தண்ணீரும் துணிமணியும் சேர்ந்தால் 220 கிலோவைத் தாண்டிவிடும். பெரியபட்டினத்திலிருந்து களிமண்குண்டுப் பக்கம் செல்லும் மணற்பாதையில், சித்திரை வெயிலில், கடற்காற்றின் ஈரப்பதத்தில், அந்தப் பைக்கைத் தனி ஆளாக நிமிர்த்துகிறவர் முதல் முறை சமாளித்துவிடுவார். மூன்றாம் முறைக்குள் கைகால் சோர்ந்து, அதற்குப் பிறகு அவர் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் தவறாகப் போகும். எடையைப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இந்தச் சோர்வுதான். மணலில் ஏற்படும் காயங்கள் பெரும்பாலும் களைத்த பிறகே ஏற்படுகின்றன.

எஞ்சினிலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மணலில் உதவுவது குறைந்த சுழற்சியில் கிடைக்கும் இழுவை. பழைய ஹிமாலயன் 411 தன் 32 நியூட்டன் மீட்டர் டார்க்கை (சுழற்று விசையை) நிமிடத்துக்கு 4000 முதல் 4500 சுழற்சிக்குள் (ஆர்பிஎம்) கொடுத்துவிடும். ஆகவே கனமாக இருந்தும் மணலில் நிதானமாக நடக்கும். எக்ஸ்பல்ஸின் டார்க் 6500 ஆர்பிஎம்முக்கு மேல்தான் முழுமை பெறுகிறது என்பதால் ஓட்டுகிறவர் இரண்டாம் கியரில் எஞ்சினைச் சுறுசுறுப்பாக வைத்திருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் சுழற்சியைக் குறைத்துவிட்டுக் கிளட்ச்சை அரைப்பிடியில் வைத்தே ஓட்டுகிறார்கள். அரை கிலோமீட்டருக்குள் கிளட்ச் தட்டுகள் கருகும் வாடை வந்துவிடும். அந்த வாடை வந்தால் இறுகிய தரையைக் கண்டு நிறுத்தி, எஞ்சின் ஆறும்வரை பனைநிழலில் உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

நின்றுகொண்டு ஓட்டுங்கள், உடலைச் சற்றுப் பின்னுக்கு வையுங்கள், பார்வையைச் சக்கரத்துக்கு முன்னால் வைக்காமல் தொலைவில் வையுங்கள். அதிகாலையில் பனி ஈரத்தில் மணல் சற்று இறுகியிருக்கும். நண்பகலுக்குப் பிறகு அதே பாதை வேறு பாதையாகிவிடும்.

மணலுக்காக டயரில் காற்றைக் குறைக்கலாமா? எவ்வளவு?

குறைக்க வேண்டும். சாலைக்கு முன்னால் 25, பின்னால் 30 பிஎஸ்ஐ அளவில் வைத்திருப்பவர் மணலில் 16 முதல் 18 வரை இறக்கினால், டயர் தரையில் அகலமாகப் பரவிப் புதைவது குறையும். அதற்கும் கீழே இறக்கினால் ட்யூப் உள்ள டயரில் ஓர் ஆபத்து உண்டு. ரிம்மோடு டயரை இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக் இந்த பைக்குகளில் பொதுவாக இருப்பதில்லை. பின்சக்கரம் வேகமாகச் சுழலும்போது டயர் ரிம்மின் மேல் வழுக்கி, உள்ளே இருக்கும் ட்யூபையும் இழுத்து, வால்வைப் பிய்த்துவிடும். வால்வு பிய்ந்த ட்யூபை ஒட்டிச் சரிசெய்ய முடியாது.

தார்ச்சாலைக்குத் திரும்பியதும் காற்றை ஏற்றிவிட வேண்டும். பேட்டரியில் ஓடும் சிறிய கம்ப்ரஸரோ குறைந்தது ஒரு கைப்பம்போ இல்லாமல் காற்றை இறக்கவே இறக்காதீர்கள்.

முள் பஞ்சருக்கு என்ன செய்வது? ட்யூப்லெஸ் நல்லதா?

இந்தக் கரையில் பயணத்தை நிறுத்துவது பெரும்பாலும் முள்தான். சீமைக் கருவேலம் இல்லாத கண்மாய்க் கரை இராமநாதபுரம் மாவட்டத்தில் அரிது. கரிமூட்டத்துக்காக மரத்தை வெட்டி இழுத்துச் சென்ற பாதையில் முறிந்த கிளைகளும் முட்களும் மண்ணில் புதைந்து கிடக்கும். காய்ந்த முள் ஆணியைப் போல டயரில் துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டைகளுக்கு நடுவே உள்ள மெல்லிய பகுதியில் இறங்கும்.

ட்யூப் உள்ள டயரில் முள் இறங்கினால் காற்று சட்டென்று போகும். சக்கரத்தைக் கழற்றி, டயரை நெம்பி, ட்யூபை மாற்றியாக வேண்டும். இந்த வேலையில் பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். முள்ளின் வெளிப்பகுதி ஒடிந்துவிட்டாலும் நுனி டயருக்குள்ளேயே தங்கியிருக்கும். டயரின் உட்புறத்தை ஒரு துணியால் முழுச் சுற்றும் தடவிப் பார்த்து, துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள்ளை இடுக்கியால் பிடுங்காமல் புது ட்யூபை மாட்டினால், ஐந்து கிலோமீட்டருக்குள் அதுவும் போய்விடும். முள் ஒன்றோடு நிற்பதும் அரிது. ஒரே இடத்தில் இரண்டு மூன்று இருக்கும்.

ட்யூப்லெஸ் டயரில் அதே முள் ஏறினால் முள்ளே துளையை அடைத்துக்கொள்ளும்; காற்று மெதுவாகத்தான் கசியும்; சக்கரத்தைக் கழற்றாமலே ரப்பர்த் திரியைச் செருகிவிட்டுக் கிளம்பலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸை நான் இங்கே மற்றவர்கள் மதிப்பிடுவதைவிட உயர்வாக மதிப்பிடுகிறேன். அலாய் சக்கரம் பாறையில் மோதினால் விரிசல் விடும் என்பது மலைநாட்டில் பெரிய குறை. பாறையே இல்லாத இந்த மணல் நாட்டில் அது சிறிய குறை. ஹிமாலயன் 450-க்கு ஸ்போக் சக்கரத்திலேயே ட்யூப்லெஸ் வசதியைக் கூடுதல் விலைக்கு வாங்கலாம். இந்தக் கரையை நோக்கி வாங்குகிறவர் அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். எக்ஸ்பல்ஸ் வைத்திருப்பவர்கள் முன்பின் இரண்டுக்கும் தடித்த ட்யூபுகளைப் போட்டுக்கொண்டு, கையிருப்பாகவும் ஒவ்வொன்று வைத்துக்கொள்வது நல்லது. இடம் போதாதென்றால் 21 அங்குல ட்யூபை மட்டுமாவது எடுத்துச் செல்லுங்கள். அவசரத்துக்கு அதைப் பின்சக்கரத்திலும் மடித்துப் போட்டு ஊர் வந்து சேர முடியும்.

உப்பளப் பாதையும் சேறும் எப்படி?

வாலிநோக்கம், மாரியூர்ப் பகுதியில் தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளங்கள் உள்ளன. லாரி போகும் பாதைகள் இறுகியவை. உப்பள அலுவலகத்தில் கேட்டு அனுமதி பெற்றுச் செல்லுங்கள். பாத்திகளுக்கு நடுவே உள்ள வரப்புகளில் எந்தக் காரணத்துக்காகவும் பைக்கை ஏற்றாதீர்கள். மண்ணைக் குழைத்துக் கையால் கட்டிய வரப்பு அது. 150 கிலோ பைக் ஒரு முறை போனாலே உடைந்து, ஒரு பாத்தியின் நீர் இன்னொன்றில் கலந்து, ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு வீணாகும்.

பாத்தி இல்லாத களர் நிலம் வேறு விதமாக ஏமாற்றும். வெள்ளையாகப் பூத்துக் காய்ந்தது போலத் தெரியும் மேல்தோலுக்கு அடியில் கருஞ்சேறு இருக்கும். பாக் விரிகுடாப் பக்கம், திருப்பாலைக்குடி, மோர்ப்பண்ணை, காரங்காடு ஆகிய ஊர்களின் ஓடைமுகங்களில் இது மிகுதி. பைக் அச்சு வரை இறங்கிவிட்டால் டிராக்டர்தான் இழுக்க வேண்டும். மாட்டுக் குளம்படியோ டிராக்டர்த் தடமோ இல்லாத களரில் இறங்காமல் இருப்பதே போதுமான விதி.

கரிசலைப் பொறுத்தவரை, மழை பெய்த நாளில் எந்த பைக்கும் உதவாது. மண் டயரின் இடுக்குகளை அடைத்து, முன் மட்கார்டுக்குள் திணிந்து, சக்கரத்தைச் சுழலவே விடாமல் நிறுத்திவிடும். முன் மட்கார்டு சக்கரத்தை விட்டு உயர்ந்திருக்கும் கேஎல்எக்ஸ் போன்றவை சற்றுத் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். இரண்டு நாள் வெயில் காய்ந்த பிறகு போனால் அதே பாதை சிமென்ட் போல இருக்கும்.

நான் உயரம் குறைவு. எந்த பைக் எடுக்கலாம்?

ஐந்தடி நான்கு அங்குலம் உள்ளவர்களுக்குப் பழைய ஹிமாலயனின் 800 மி.மீ. இருக்கை வசதியாக இருக்கும். ஆனால் எடையை நினைவில் கொள்ளுங்கள். எக்ஸ்பல்ஸின் 825, 830 மி.மீ. இருக்கைகள் ஒல்லியானவை, சஸ்பென்ஷனும் உட்கார்ந்தவுடன் இறங்கிக் கொடுக்கும், ஆகவே ஒரு காலின் முன்பாதமாவது உறுதியாக ஊன்றும். மணலில் கால் ஊன்றும்போது அந்தக் காலும் புதையும் என்பதால், ஷோரூமின் சமதரையில் எட்டுவது இங்கே எட்டாமல் போகலாம்.

எக்ஸ்பல்ஸ் 200 4வி-யின் ப்ரோ வகையை, நீண்ட சஸ்பென்ஷனுக்காகவே சிலர் விரும்பி வாங்குகிறார்கள். அதன் இருக்கை 891 மி.மீ. உயரம். பெரிய பள்ளங்களில் குதித்து இறங்க வேண்டிய நிலத்துக்கு அது சிறந்தது. பனைவேரும் டிராக்டர்ச் சால்களுமே பெரிய தடையாக உள்ள இந்தக் கரைக்கு அந்த உயரம் வேண்டியதில்லை. சாதாரண வகையே இங்கே பாதுகாப்பானது.

வெளியூரிலிருந்து வரும் நெடுஞ்சாலைப் பயணத்தில் சிறிய பைக் சோர்வு தராதா?

தரும், அதை மறைக்க வேண்டியதில்லை. மதுரையிலிருந்து பரமக்குடி வழியாக இராமநாதபுரம் வருவதற்கு எக்ஸ்பல்ஸ் 200 எளிதாகப் போதும். சென்னையிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் ஒரே நாளில் வருவதென்றால், மணிக்கு 80-ஐத் தாண்டினாலே எஞ்சின் உழைப்பது உடம்பில் தெரியும். எக்ஸ்பல்ஸ் 210-இன் ஆறாவது கியர் இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்திருக்கிறது; நான் 210-ஐ முதலில் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஹிமாலயன் 450-உம் கேடிஎம் 390 அட்வென்ச்சரும் இந்தத் தொலைவை விளையாட்டாகக் கடக்கும்.

பாம்பன் சாலைப் பாலத்தில் மட்டும் எல்லா பைக்குக்கும் எச்சரிக்கை. 1988-இல் திறக்கப்பட்ட, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள அந்தப் பாலத்தில் பக்கவாட்டில் அடிக்கும் காற்று, இலேசான பைக்கையும் உயரமான பக்கப் பெட்டிகள் வைத்த பைக்கையும் நகர்த்திவிடும். 1914-இன் பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலத்தைப் பார்ப்பதற்காக நடுப்பாலத்தில் வண்டிகள் திடீரென்று நிற்பதும் வழக்கம். அங்கே நீங்களும் நிற்காமல் கடந்துவிடுங்கள்.

பெட்ரோல் எவ்வளவு தூரத்துக்கு ஒரு முறை கிடைக்கும்?

இராமநாதபுரம், இராமேசுவரம், கீழக்கரை, சாயல்குடி, தொண்டி ஆகிய எல்லா ஊர்களிலும் பங்க் உண்டு. 7.6 லிட்டர் டேங்க் கொண்ட கேஎல்எக்ஸும் 9 லிட்டர் டேங்க் கொண்ட என்டியூரோ ஆரும்கூட இங்கே தவிக்க நேராது. பெரிய டேங்க் இந்தக் கரையில் தேவைக்கு மேற்பட்ட எடை.

தனுஷ்கோடி மணலில் ஓட்டலாமா?

கூடாது. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த அந்த ஊருக்கு முன்பு மணலில் வேன்கள்தான் சென்றன. 2017-இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர்த் தார்ச்சாலை திறக்கப்பட்ட பிறகு மணலில் இறங்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. சாலையின் இருபுறமும் உள்ள மணற்பரப்பில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் ஜனவரி முதல் முட்டையிட வருகின்றன. புதைந்த முட்டைக்குழி மேலே இருந்து பார்த்தால் தெரியாது. அங்கே உள்ள ஈரநிலப் பகுதி 2025 ஜூனில் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. டூயல்-ஸ்போர்ட் பைக்கால் மணலில் போக முடியும் என்பது, போவதற்கான உரிமை ஆகிவிடாது. இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

தார்ச்சாலையிலும் கவனம் வேண்டும். தென்கடலிலிருந்து வீசும் காற்று சாலையின் மேல் மணலைக் கொட்டி வைத்திருக்கும். கட்டை டயர் போட்ட பைக் தார் மேல் படிந்த மெல்லிய மணலில் சாதாரண டயரைவிடச் சீக்கிரம் வழுக்கும். மாலையானதும் அந்தப் பகுதியை விட்டு வெளியேறச் சொல்வார்கள். அதற்கேற்ப நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் மணலில் எங்கேதான் ஓட்டுவது என்று கேட்பீர்கள். மக்கள் ஏற்கெனவே வண்டி ஓட்டும் பாதைகளில். வேதாளை, புதுமடம், முத்துப்பேட்டை, பெரியபட்டினம், சேதுக்கரை, வாலிநோக்கம், ஒப்பிலான், மூக்கையூர் என்று கரையோர ஊர்களுக்கு நடுவே பனங்காட்டு மணற்பாதைகள் வேண்டிய அளவுக்கு உள்ளன. வழியில் பார்ப்பவரிடம் "அண்ணே, இந்தப் பாதை எங்க போய்ச் சேரும்?" என்று நிறுத்திக் கேளுங்கள், வரைபடம் காட்டாத அடைப்பையும் உடைப்பையும் அவர் சொல்வார். பாதையோரத்தில் காயும் கருவாடு, கடற்பாசி, விரித்த வலை, மாசி, பங்குனியில் களத்தில் பரப்பிய முண்டு மிளகாய் ஆகியவற்றின் அருகே இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே முறை. புழுதி படிந்த மிளகாய்க்கு விலை இல்லை.

எந்தப் பருவத்தில் வரலாம்?

தை முதல் பங்குனி வரை. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும்போது கண்மாய்கள் நிரம்பி, கரைகள் ஊறி இளகியிருக்கும். ஊறிய கரையில் வண்டி ஓட்டுவது கரையையே பலவீனப்படுத்தும் என்பதால் ஊரார் தடுப்பது நியாயமானது. சித்திரை, வைகாசியில் வெயில் கடுமை. அதன் பிறகு ஆவணி வரை கச்சான் காற்று மணலை முகத்தில் வாரி அடிக்கும்; ஏர் ஃபில்டரை ஒவ்வொரு நாளும் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கால், சக்கரக்கோட்டை ஆகிய பறவைகள் வந்து தங்கும் கண்மாய்களின் பக்கம், குளிர்காலத்தில் சத்தமான சைலன்சருடன் போகாதீர்கள்.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ்ஸை அணைக்க முடியாவிட்டால் சிக்கலா?

சமதரை மணலில் பிரேக்கே அதிகம் தேவைப்படாது. த்ராட்டிலை விட்டாலே பைக் நின்றுவிடும். இறுகிய செம்மண்ணில் பின்சக்கரத்தைப் பூட்டித் திருப்ப விரும்புகிறவர்களுக்குத்தான் அணைக்கும் வசதி தேவை. ஹிமாலயன் 450-இல் பின் ஏபிஎஸ்ஸை அணைக்கலாம், வி-ஸ்ட்ரோமில் முடியாது. இந்தக் காரணத்துக்காக யாரும் வி-ஸ்ட்ரோமைத் தள்ளிவைக்க வேண்டாம்.

விலையில் என்ன வேறுபாடு?

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடாகக் குறைந்து, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 விழுக்காடாக உயர்ந்தது. எக்ஸ்பல்ஸ், வி-ஸ்ட்ரோம், கேஎல்எக்ஸ் மூன்றும் முதல் பிரிவில் வருகின்றன. வாங்கும் விலையோடு பழுது பார்க்கும் வசதியையும் சேர்த்து எண்ணுங்கள். ஹீரோவின் பாகங்கள் சிற்றூர்களிலும் கிடைக்கும். ராயல் என்ஃபீல்டுக்கு நகரத்துக்குப் போக வேண்டும். கேஎல்எக்ஸின் உடைந்த கிளட்ச் லீவருக்குக் காத்திருக்க வேண்டும். ஆகவே கேஎல்எக்ஸில் வருகிறவர்கள் லீவர்களையும் கேபிளையும் கையோடு கொண்டு வாருங்கள்.

பயணம் முடிந்ததும் பைக்கை எப்படிக் கழுவ வேண்டும்?

அன்றன்றே, நல்ல தண்ணீரில், எஞ்சின் ஆறிய பிறகு. இங்கே பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரும் உப்பாக இருக்கும். அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவுவதாகும். விடுதியில் குடிநீர்க் குழாய் எது என்று கேட்டு இரண்டு வாளி வாங்கிக்கொள்ளுங்கள். அதிக அழுத்தமுள்ள குழாயால் சக்கர பேரிங், மின் இணைப்புகள், ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் ஆகியவற்றில் பீய்ச்சினால் உப்பு உள்ளே போய்த் தங்கும். மெதுவாக ஊற்றிக் கழுவுவதே சரி. பிறகு செயினைத் துடைத்து எண்ணெய் இட்டு, பிரேக் காலிப்பரின் ஊசிகள் இலகுவாக நகர்கின்றனவா என்று பாருங்கள். கடல் அலைக்குள் பைக்கை நிறுத்திப் படம் எடுப்பவர்களைப் பார்க்கிறேன். ஸ்போக்கின் தலைகளும் சைலன்சரின் அடிப்பாகமும் அடுத்த மழைக்காலத்துக்குள் அந்தப் படத்துக்கான விலையைக் கேட்கும்.

கடலோரத்தில் ஓடிய பழைய பைக்கை வாங்கலாமா?

வாங்கலாம், பளபளப்பைப் பார்த்து அல்ல. ஸ்போக் ஒவ்வொன்றும் ரிம்மைச் சந்திக்கும் இடத்தில் வெண்ணிற உப்புப் பூப்போ செந்துருவோ இருக்கிறதா, ஸ்போக்கை ரிம்மில் இறுக்கும் நிப்பிள் சாவிக்கு அசைகிறதா என்று பாருங்கள். அசையாத நிப்பிள் என்றால் சக்கரத்தையே மறுபடி கட்ட வேண்டும். இருக்கையைக் கழற்றி அடியில் உள்ள மின் இணைப்பிகளில் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். 210, ஹிமாலயன் 450 ஆகியவற்றில் ரேடியேட்டரின் தகடுகள் விரல் பட்டால் உதிர்கின்றனவா என்று சோதியுங்கள். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டில்பாரை இருபுறமும் திருப்பும்போது நடுவில் ஓர் இடத்தில் மாட்டினால், ஸ்டீயரிங் பேரிங்கில் உப்புநீர் புகுந்துவிட்டது என்று பொருள். அதை மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ளலாம். இணைப்பிகள் பச்சை பூத்த ஹிமாலயன் 450-ஐ மட்டும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். த்ராட்டில் முதல் வண்ணத்திரை வரை எல்லாம் மின்சாரத்தில் இயங்கும் பைக்கில் அந்தப் பழுதைத் தேடிக் கண்டுபிடிக்கும் கூலியே பெரிய செலவாகிவிடும்.